ஸ்லெப்ட் வெல்

11 வருஷமாக ஐ.சி.யு.வில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நைட் டியூட்டி முடியப்போகிற நேரத்தில், காலை ஆறு மணிவாக்கில், ஒவ்வொரு பேஷண்டின் நோட்ஸிலும் ஒரு வரி எழுதுவேன். 'பேஷண்ட் ஸ்லெப்ட் வெல்.' எழுத ஐந்து விநாடிகூட ஆகாது. காய்ச்சல் எத்தனை டிகிரி, சிறுநீர் எத்தனை மில்லி, சர்க்கரை எவ்வளவு என்பதற்கெல்லாம் கருவி இருக்கிறது, பார்த்து எழுதுகிறோம். தூக்கத்துக்கு அப்படி எதுவும் கையில் இல்லை. நான் அந்தப் பக்கம் போனபோது கண் மூடியிருந்ததா? மூடியிருந்தது. சரி, தூங்கினார்.

இந்த வரியைப் பற்றி எந்த டாக்டரும் என்னிடம் கேள்வி கேட்டதில்லை. ரவுண்ட்ஸில் யாராவது அதைப் படித்தார்களா என்பதே சந்தேகம். கையெழுத்துக்கு முன்னால் வைக்கிற ஒரு புள்ளி மாதிரிதான் அதை நானும் நினைத்திருந்தேன், அப்பா படுக்கிற வரைக்கும்.

அப்பா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். திருநெல்வேலி - நாகர்கோவில் ரூட்டில் மட்டும் இருபது வருஷத்துக்கு மேல் போய் வந்தவர். 71 வயதில் நிமோனியா வந்து, கிருமி ரத்தத்தில் கலந்து, ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் 9 நாள் கிடந்தார். முதல் 4 நாள் வென்டிலேட்டர். நான் வேலை பார்ப்பது மதுரையில். லீவு போட்டுவிட்டுப் போன எனக்கு அங்கே பெயர் அட்டெண்டர். கழுத்தில் ஒரு பாஸ், காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். மற்ற நேரமெல்லாம் கீழே வெயிட்டிங் ஹாலில் பாய். நடுராத்திரி ஸ்பீக்கரில் 'பெட் நம்பர் ஏழு அட்டெண்டர்' என்று குரல் வந்தால், ஏழாம் பெட்டுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் சேர்ந்து எழுந்து உட்கார்வார்கள். எந்த நம்பர் என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டு, தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் மறுபடி படுப்பார்கள். அப்புறம் யாருக்கும் தூக்கம் வராது. யாராவது எழுந்துபோய் டீ வாங்கி வருவார்கள்.

இரண்டாம் நாள் காலையில் உள்ளே போனபோது டியூட்டியில் இருந்த சிஸ்டர் சொன்னார்: "அப்பா நல்லாத் தூங்குறாங்க மேடம், கவலைப்படாதீங்க." நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இதே வாக்கியத்தை இதே குரலில் நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. படி இறங்கும்போதுதான் உறைத்தது. அது தூக்கம் இல்லையே.

தொண்டையில் குழாய் இருக்கும்போது ஆள் திமிறாமல், குழாயைப் பிடுங்காமல் இருப்பதற்காக மருந்து ஓடிக்கொண்டிருக்கும். ப்ரோபோஃபால், மிடாசோலம், கூடவே வலிக்கு ஃபென்டனில். பார்ப்பதற்கு அயர்ந்து தூங்குகிற மாதிரியேதான் இருக்கும். ஆனால் நிஜத் தூக்கத்துக்கு ஒரு நடை உண்டு. முதலில் மேலோட்டமான தூக்கம், அப்புறம் ஆழ்ந்தது, அப்புறம் கனவு வருகிற கட்டம். ஒரு சுற்று ஏறக்குறைய 90 நிமிஷம், ராத்திரிக்கு நாலைந்து சுற்று. மிடாசோலம் வகை மருந்துகள் ஆழ்ந்த கட்டத்தையும் கனவுக் கட்டத்தையும் வெட்டிவிடும். டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்து மட்டும் கொஞ்சம் பக்கத்தில் வரும், மூளை அலைகள் லேசான தூக்கத்தின் சாயலில் இருக்கும். அவ்வளவுதான். கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடுகிறது, அதற்காக ஃபேன் ஓய்வெடுக்கிறது என்று சொல்ல மாட்டோம்.

நாலு நாள் மயக்கத்தில் கிடந்த மனுஷன், அதற்கு முன்னால் மூன்று நாள் மூச்சுமுட்டலில் படுக்கவே முடியாமல் உட்கார்ந்திருந்த மனுஷன், மொத்தமாக ஏழு நாள் தூங்கவில்லை. மயக்கம் தூக்கம் ஆகாது என்பது நர்ஸான எனக்கே படிக்கட்டில் வைத்துத்தான் உறைத்தது.

ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். ஆறாம் நாள் சாயங்காலம் போனபோது, அப்பாவின் இரண்டு மணிக்கட்டையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கண் இரண்டும் சிவந்து, கன்னம் ஒட்டி, என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்கினார்.

"ஏட்டி, அவன்ட்ட போய்ச் சொல்லு. மூணு விசில் அடிக்கான். வண்டி நிக்கணுமா, போணுமா?"

ஒரு விசிலுக்கு நிற்க வேண்டும், இரண்டு விசிலுக்குப் போகலாம். அப்பாவின் அகராதியில் மூன்றுக்கு அர்த்தம் கிடையாது. தலைமாட்டில் மானிட்டர் மூன்று பீப், சற்று இடைவெளி, மறுபடி மூன்று பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது. மருத்துவக் கருவிகளின் அலாரத்துக்கு என்று சர்வதேச ஒழுங்கே இருக்கிறது. மூன்று பீப் என்றால் சீக்கிரம் வந்து கவனி. ஐந்தும் ஐந்துமாகப் பத்து பீப் என்றால் உடனே ஓடி வா. எங்களுக்கு அது பாஷை. அவருக்கு, கூட்டம் நிறைந்த ஒரு ராத்திரி வண்டியில் எவனோ முறை தெரியாமல் விடாமல் விசில் ஊதிக்கொண்டிருக்கிறான்.

"டிரைவர் யாரு? வண்டிய யாரு ஓட்டுதா?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கலெக்‌ஷன் பூரா பைக்குள்ள இருக்கு. பைய உருவிட்டுப் போய்ட்டானுவ" என்றார். முந்தின ராத்திரி கையில் ஓடிக்கொண்டிருந்த டிரிப்ஸ் லைனை இழுத்துப் பிடுங்கியிருக்கிறார். படுக்கையெல்லாம் ரத்தம். அதனால்தான் கட்டு. அவர் பிடுங்கியது டிரிப்ஸ் லைனை இல்லை, பையின் வாரை. அதை யாரோ இழுப்பதாக நினைத்து இவரும் இழுத்திருக்கிறார்.

கட்டிய சிஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் கட்டியிருக்கிறேன். முடிச்சு எப்படிப் போட்டால் அவிழாது என்று ஜூனியர் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

கீழே வந்து சொன்னதும், அத்தை அடுத்த நாளே இசக்கியம்மன் கோயில் திருநீறை மடித்துக்கொண்டு வந்துவிட்டாள். காத்து கருப்பு ஏதோ அண்டியிருக்கிறதாம். பக்கத்துப் பாயில் இருந்த பெரியவர், "ஜன்னி கண்டிருக்கும்மா, அந்தக் காலத்துல காய்ச்சல் முத்துனா இப்படித்தான் பெனாத்துவாங்க" என்றார். அங்கே இருந்தவர்களில் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தவர் அவர்தான். நாங்கள் டெலிரியம் என்கிறோம். வென்டிலேட்டரில் இருக்கிறவர்களில் 100க்கு 80 பேர் வரை இது வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. காய்ச்சல், கிருமி, மருந்து, வயது என்று காரணம் பல. தூக்கம் கெட்டால் ஜன்னி கூடும், ஜன்னி வந்தால் தூக்கம் கெடும், இரண்டில் எது முதலில் என்று பிரிப்பது கஷ்டம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அப்பா மாதிரிக் கத்துகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் டெலிரியம் சத்தமில்லாமல்தான் வரும். ஆள் பேசாமல் கிடப்பார், கூப்பிட்டால் மெதுவாகத் திரும்புவார், மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். தொந்தரவு இல்லாத பேஷண்ட். அவருடைய நோட்ஸில் நாங்கள் என்ன எழுதுவோம் என்று சொல்ல வேண்டியதில்லை. பேஷண்டுகளிடம் கேட்டும் நர்ஸுகளிடம் கேட்டும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு உண்டு. அவர்கள் தூங்கியதாகச் சொன்னதைவிட நாங்கள் அதிகமாகவே மார்க் போட்டிருக்கிறோம்.

ஐ.சி.யு.வில் ஏன் தூக்கம் வருவதில்லை என்று கேட்டால் எல்லோரும் சத்தம் என்பார்கள். தப்பில்லை. ஆஸ்பத்திரி வார்டில் ராத்திரி 30 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்னது. ஐ.சி.யு.க்களில் அளந்தால் சாதாரணமாகவே 50ஐத் தாண்டும், திடீர்ச் சத்தங்கள் 80ஐத் தொடும். 20தானே கூடுதல் என்று தோன்றும். டெசிபல் கணக்கில் 20 கூடினால் ஒலியின் ஆற்றல் 100 மடங்கு. கால் வைத்தால் திறக்கிற குப்பைத்தொட்டியின் மூடி, ஸ்டீல் கிட்னி ட்ரே கீழே விழுவது, லேண்ட்லைன் போன், எங்கள் பேச்சு. ஆமாம், எங்கள் பேச்சு. மூன்று மணிக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது, விழித்திருக்க எங்களுக்கு இருக்கிற ஒரே வழி பேசுவதுதான்.

அப்புறம் அலாரம். 2014இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் ஐ.சி.யு.க்களில் 77 படுக்கைகளை 31 நாள் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். மொத்தம் 25 லட்சத்துக்கும் மேல் அலாரம். காதில் விழுகிறவற்றை மட்டும் எடுத்தாலே ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 187. இதயத்துடிப்புக் கோளாறு என்று அடித்தவற்றில் 100க்கு 88க்கும் மேல் பொய். இதயத்தில் கோளாறே இருந்திருக்காது. கை அசைந்திருக்கும், நெஞ்சில் ஒட்டிய ஸ்டிக்கர் கழன்றிருக்கும். நாங்கள் பழகிவிட்டோம், எது பொய் என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கிளிப்பின் சத்தம், ஆக்சிஜன் குறையக் குறையச் சுருதி இறங்கும். முதுகைக் காட்டிக்கொண்டு மருந்து கலக்கும்போதே, மூன்றாம் பெட்டில் சுருதி இறங்குகிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும். படுத்திருக்கிறவருக்கு அந்தக் காது இல்லை. பொய்யும் நிஜமும் அவருக்கு ஒரே விசில்தான்.

ஆனால், தலையில் ஒயர் ஒட்டி மூளை அலைகளைப் பதிந்து, கூடவே அறையின் சத்தத்தையும் பதிந்து பார்த்த ஆய்வுகளில், விழிப்புகளில் சத்தத்தையும் எங்கள் கைவேலையையும் சேர்த்தே பாதிகூட வரவில்லை. மிச்சத்துக்கு நோய், வலி, மருந்து, மூச்சுக் கருவியோடு நடக்கிற இழுபறி, குழம்பிப்போன உடல் கடிகாரம் எல்லாம் சேர்கின்றன. இன்னொன்றும் அதில் தெரிந்தது. 24 மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் தூக்கத்தின் அளவு சிலருக்கு ஓரளவு சரியாகவே இருக்கும். ஆனால் பாதி பகலில், அதுவும் துண்டு துண்டாக. எங்கள் ஊரில் கோழித்தூக்கம் என்போம். கோழிக்கு அது போதும்.

அந்தக் கடிகாரம் குழம்புவதில் ஆச்சரியம் இல்லை. ஜன்னல் கிடையாது. இருந்தாலும் ஏ.சி.க்காகத் திரை போட்டிருக்கும். காலை பத்து மணியும் ராத்திரி பத்து மணியும் ஒரே ட்யூப்லைட். மூளைக்குப் பகல் என்று சொல்லும் அளவுக்குப் பகலில் வெளிச்சம் போதாது, ராத்திரி என்று நம்பும் அளவுக்கு இருட்டும் கிடையாது. கிருமி ரத்தத்தில் கலந்த நோயாளிகளுக்கு, தூக்க நேரத்தை உடம்புக்குச் சொல்கிற மெலடோனின் ஹார்மோனின் சுரப்பில் இருக்கும் ராப்பகல் ஏற்ற இறக்கமே அழிந்துவிடுவதாகவும் பார்த்திருக்கிறார்கள்.

இனி என் குற்றப்பட்டியல். ஒரு ராத்திரியில் ஒரு பேஷண்டை எத்தனை தடவை தொடுகிறோம் என்று அமெரிக்காவில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். சராசரி 40க்கும் மேல். முதல் தடவை படித்தபோது அதிகம் என்று தோன்றியது. அப்புறம் விரல் விட்டு எண்ணினேன். மணிக்கொரு தரம் பி.பி. பட்டை தானாகக் கையை இறுக்கும். இன்சுலின் ஓடினால் மணிக்கொரு தரம் விரலில் குத்தல். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சளி உறிஞ்சுதல், மருந்து, பம்ப் மாற்றுதல், சிறுநீர் அளவு. 90 நிமிஷச் சுற்று எங்கே முடியும்?

நாலு மணி ஸ்பாஞ்சைச் சொல்லாமல் இருக்க முடியாது. வெளியாட்களுக்கு இது விளங்கவே விளங்காது, உயிருக்குப் போராடுகிறவரை விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி எதற்காக உடம்பு துடைத்துவிடுகிறார்கள் என்று. காரணம் நோயில் இல்லை, ஹேண்ட் ஓவரில் இருக்கிறது. எட்டு மணிக்கு டியூட்டி மாறும்போது பேஷண்ட் சுத்தமாக, விரிப்பு மாற்றி, தலை சீவி இருக்க வேண்டும். ரவுண்ட்ஸுக்கு முன் ரிப்போர்ட் வர வேண்டுமானால் ஐந்து மணிக்கு ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். ஐந்தரைக்கு எக்ஸ்ரே வண்டி உருண்டு வரும். ஒரு ஆள் மூன்று பேஷண்டைப் பார்க்கிற இடத்தில் மூன்று ஸ்பாஞ்சையும் முடிக்க நாலு மணிக்காவது ஆரம்பிக்க வேண்டும், சில நாள் மூன்றரைக்கே. இதில் யாருமே கெட்டவர்கள் இல்லை. நோயாளியைத் தெரிந்தோ தெரியாமலோ எழுப்பவே கூடாது என்று ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859 வாக்கிலேயே எழுதிவைத்துவிட்டார். அவர் பிறந்த நாளில் மெழுகுவத்தி பிடித்து உறுதிமொழி எடுத்துவிட்டு, அன்று ராத்திரியே நாலு மணிக்கு வெந்நீர்ச் சட்டியோடு போய் நின்றிருக்கிறேன்.

ஏழாம் நாள் அந்த சிஸ்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், அப்பாவுக்கு மட்டும் ஸ்பாஞ்சை ஆறு மணிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியுமா என்று. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்களும் ஸ்டாஃப்தானே மேடம்? உங்களுக்கே தெரியாதா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என்னிடம் யாராவது கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வேறு இரண்டு விஷயம் கேட்டேன், அவை கிடைத்தன. அப்பாவின் கண்ணாடி, அவருடைய பழைய ஹெச்.எம்.டி. வாட்ச். அட்மிஷன் அன்று பையில் போட்டுக் கையில் கொடுத்ததை அம்மா வீட்டு பீரோவில் பூட்டி வைத்துவிட்டாள். ஏழு நாளாக மனுஷன் கண்ணாடி இல்லாமல் மங்கலாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நீலச் சட்டையில் வருகிற வார்டு பாய் அவருக்கு ஏன் செக்கிங் இன்ஸ்பெக்டராகத் தெரிய மாட்டான்?

எட்டாம் நாள் காலை. கண்ணாடி போட்டிருந்தார், வாட்ச் கட்டில் கம்பியில் தொங்கியது, கையில் கட்டு இல்லை. டெலிரியம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஆளுக்குக் கவனம் நிற்கிறதா என்று பார்க்கிற ஒரு சோதனை எங்களிடம் உண்டு. ஆங்கில எழுத்துகள் பத்தை வரிசையாகச் சொல்லி, 'ஏ' வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்வோம். அப்பாவிடம் ஆங்கில எழுத்தெல்லாம் சொல்லத் தோன்றவில்லை. விரலைப் பிடித்துக்கொண்டு ஊர் சொன்னேன். "மூன்றடைப்பு, நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு..."

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பணகுடிய எங்கட்டி விட்ட?"

அங்கேயே நின்று அழுதேன். பத்து நிமிஷம் முடிந்துவிட்டது என்று செக்யூரிட்டி வந்து கூப்பிடும் வரை ஆரல்வாய்மொழி, தோவாளை என்று நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டு வரை இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் தூக்கம் வந்துவிடும் என்று நினைத்தோம். வரவில்லை. இரண்டு மாதத்துக்கு விளக்கை அணைக்க விடமாட்டார். குக்கர் விசில் வந்தால் உட்கார்ந்துவிடுவார், அம்மா சாதத்தைப் பானையில் வடிக்க ஆரம்பித்தாள். ஐ.சி.யு.வுக்குப் பின் வருகிற இந்தத் தூக்கமின்மை, பயம், மறதி, கை கால் பலவீனம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 2010இல் அமெரிக்காவில் கூடிய மருத்துவர்கள் 'போஸ்ட் இன்டென்சிவ் கேர் சிண்ட்ரோம்' என்று ஒரு பெயர் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தப் பெயரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஸ்காண்டிநேவிய நாடுகளில் நர்ஸுகளும் குடும்பத்தாரும் சேர்ந்து நோயாளிக்காக ஒரு டைரி எழுதுகிறார்களாம். இன்று உங்கள் மகள் வந்தாள், இன்று குழாயை எடுத்தோம் என்று. பிழைத்து வந்தவர் பிறகு படித்து, தான் கண்டதில் எது கனவு, எது நடந்தது என்று பிரித்துக்கொள்வாராம். அப்பாவுக்கு அதை நான் வாயால் செய்தேன். பை களவு போகவில்லை, அது டிரிப்ஸ் லைன் என்று நாலைந்து தடவை சொல்ல வேண்டியிருந்தது. "அப்ப கலெக்‌ஷன் கட்டியாச்சா?" என்று ஒரு நாள் கேட்டார். கட்டியாச்சுப்பா என்றேன்.

மதுரைக்குத் திரும்பி டியூட்டியில் சேர்ந்ததும் இன்சார்ஜ் சிஸ்டரிடம் பேசினேன். இதற்கு மாத்திரை கொடுத்துவிட்டால் போதாதா என்று அவர் கேட்டார். 2018இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலை எடுத்துக் காட்டினேன். தூங்க வைக்க ப்ரோபோஃபால் வேண்டாம் என்றது, மெலடோனினுக்கு அப்போது ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ராத்திரி வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறை, விரும்புகிறவர்களுக்குக் கண்பட்டையும் காது அடைப்பானும் கொடு, வேலைகளைச் சேர்த்துச் செய் என்று பாட்டி வைத்தியம் மாதிரிதான் சொன்னது. "காது அடைப்பானுக்கு இன்டென்ட் போட்டா ஸ்டோர்ஸ்ல சிரிப்பாங்க" என்றார் இன்சார்ஜ். நிஜமாகவே சிரித்தார்கள்.

இப்போது எங்கள் யூனிட்டில், நிலைமை சீராக இருக்கிறவர்களுக்கு ஸ்பாஞ்ச் ராத்திரி பத்து மணிக்கே. பன்னிரண்டு முதல் நாலு வரை நடு லைட் அணைந்திருக்கும். மருந்து, பி.பி., புரட்டல் மூன்றையும் ஒரே தடவையில் முடிக்கப் பார்க்கிறோம். அட்மிஷன் அன்றே கண்ணாடி, பல்செட், காது மிஷின் எங்கே என்று அட்டெண்டரிடம் கேட்கிறோம். வாரத்தில் மூன்று நாள் இது நடக்கும். மற்ற நாள் ஒரு மணிக்கு ஆக்சிடென்ட் கேஸ் வரும், எல்லா லைட்டும் எரியும், அவ்வளவுதான்.

போன மாதம் அப்படி ஒரு ராத்திரி. நாலாம் பெட்டு ஐயாவுக்கு ஒன்றரை மணிக்கு நெஞ்சை அமுக்க ஆரம்பித்தோம், இரண்டேகாலுக்கு நிறுத்தினோம். ஐந்தாம் பெட்டில் ஒரு அம்மா, இரண்டு நாளில் வார்டுக்கு மாற்றப்போகிற கேஸ். நடுவில் திரை இழுத்திருந்தது. இரண்டரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன், கண் மூடியிருந்தது. மூன்றரைக்கு மூடியிருந்தது. ஐந்து மணிக்கும்.

ஆறு மணிக்குப் பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய், "நல்லாத் தூங்குனீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க சிஸ்டர். அந்த ஐயா போனாரே, அதுலருந்து ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. கண்ணத் தொறந்தா என்னத்தப் பாக்கணுமோன்னு இறுக்கி மூடிக்கிட்டே கெடந்தேன்."

கண் மூடியிருந்தார், தூங்கவில்லை என்கிறார் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறாம் பெட்டுக்குப் போனேன்.